பல இயங்குதளங்கள், ஒரே படம்: அலுவலகத்துக்கான விளக்கப்பட மென்பொருள் தேர்வு

ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவினர் விண்டோஸிலும், வடிவமைப்பாளர்கள் ஆப்பிளின் மேக் கணினியிலும், சர்வர்களைப் பராமரிக்கும் பொறியாளர்கள் லினக்ஸிலும் பணிபுரிவது இன்று விதிவிலக்கன்று; மென்பொருள் நிறுவனங்களிலும் பல்கலைக்கழகத் துறைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் அதுவே வழக்கமாகி வருகிறது. கடிதம், கணக்குத்தாள், மின்னஞ்சல் ஆகியவற்றைப் பொறுத்தவரை இந்தக் கலப்பு பெரிய இடையூறாக இருப்பதில்லை. அவற்றுக்கான கோப்பு வடிவங்கள் ஏறத்தாழ எல்லா இயங்குதளங்களிலும் திறந்துகொள்கின்றன. விளக்கப்படம் இன்னும் அந்த நிலையை எட்டவில்லை. பணிகள் எந்த வரிசையில் நடைபெறுகின்றன என்று காட்டும் பாய்வுப்படம், எந்தக் கணினி எந்த ஸ்விட்ச் வழியாக எங்கே இணைகிறது என்று காட்டும் வலையமைப்புப் படம், தரவுத்தள அட்டவணைகளுக்கிடையிலான உறவைக் காட்டும் படம், யாருக்குக் கீழ் யார் என்று காட்டும் நிர்வாக அமைப்புப் படம் (பதவி உயர்வு ஆணையின் மை உலரும் முன்பே இது பழையதாகிவிடுவது வேறு விஷயம்) ஆகியவற்றையே இவ்வுரை விளக்கப்படம் என்று பொதுவாகக் குறிப்பிடுகிறது. இவற்றை வரைவதற்கு மென்பொருள் தேடும்போது எது அழகாக வரைகிறது, எதில் ஆயத்த வடிவங்கள் மிகுதி, எதன் விலை குறைவு என்ற கேள்விகளே முதலில் எழுகின்றன. பல இயங்குதளங்கள் கலந்துள்ள அலுவலகத்தில் அவை இரண்டாம் நிலைக் கேள்விகளே. ஒருவர் வரைந்த படத்தை, வேறோர் இயங்குதளத்தில் பணிபுரியும் மற்றொருவர், வரைந்தவர் பணியிலிருந்து விலகிய பிறகும் திருத்த முடியுமா என்பதே அங்கே முதற்கேள்வி.

படத்தைப் பார்ப்பது வேறு, திருத்துவது வேறு. பார்ப்பதற்குப் பிடிஎஃப் போதும். அது எந்தக் கணினியிலும் திறக்கும். திருத்துவதற்கு வேண்டியதைப் புரிந்துகொள்ள, விளக்கப்படக் கோப்புக்குள் அடங்கியுள்ள மூன்று வகைச் செய்திகளைப் பிரித்தறிய வேண்டும். எந்த வடிவம் எந்த வடிவத்தோடு இணைந்துள்ளது என்ற உறவு ஒன்று. ஒவ்வொரு வடிவமும் தாளில் எந்த இடத்தில், எந்த அளவில் உள்ளது என்ற இருப்பு மற்றொன்று. கோட்டின் தடிமன், நிறம், எழுத்துரு முதலிய தோற்றம் மூன்றாவது. உறவைத் தாங்குவது இணைகோடு. இரு கட்டங்களுக்கிடையே வரையப்பட்ட சாதாரணக் கோடு, கட்டத்தை நகர்த்தினால் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். இணைகோடோ கட்டத்தோடு ஒட்டப்பட்டிருப்பதால் அதனுடன் சேர்ந்து நகரும், வழியில் வேறு கட்டம் குறுக்கிட்டால் வளைந்தும் செல்லும். கணினித் திரையில் வரைந்த படத்தின் உறுப்புகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நகர வேண்டும் என்ற கருத்து, 1963-இல் எம்ஐடி நிறுவனத்தில் ஐவன் சதர்லாண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்னும் நிரலிலேயே செயல்வடிவம் பெற்றுவிட்டது. ஒரு கோப்பு ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்படும்போது இந்த மூன்றில் தோற்றம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது, இருப்பு சற்றே பிசகுகிறது, உறவே முதலில் அறுந்துபோகிறது. அறுந்தது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் இதிலுள்ள இடர்ப்பாடு. கோப்பைத் திறந்தவர் படம் முழுதாக வந்துவிட்டதாக அறிவித்துவிடுவார். சில மாதங்கள் கழித்து ஒரு சர்வரை இடம் மாற்றிக் காட்ட வேண்டி வரும்போது, கட்டம் மட்டும் நகர்ந்து, அதனோடு இருந்த கோடுகளெல்லாம் பழைய இடத்தில் தொங்கும்.

இந்த நிலைக்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. குறியீடுகளுக்கு உலகத் தரம் வகுத்தவர்கள் அவற்றைச் சேமிக்கும் கோப்புக்கு வகுக்கவில்லை. தொழிற்சாலைப் பணிகளைப் படிப்படியாகக் குறியீடுகளால் காட்டும் முறையை ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் இணையர் 1921-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்தனர். கணினி நிரலுக்கான பாய்வுப்படத்தை 1940களில் கோல்ட்ஸ்டைனும் வான் நாய்மனும் வளர்த்தெடுத்தனர். முடிவெடுக்கும் இடத்துக்குச் சாய்சதுரம், செயலுக்குச் செவ்வகம் போன்ற குறியீடுகளை 1985-இல் ஐஎஸ்ஓ 5807 என்ற தரம் உறுதிசெய்தது. ஆனால் அந்தச் சாய்சதுரத்தைக் கோப்புக்குள் எப்படி எழுதிவைப்பது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி தீர்மானித்துக்கொண்டது. வணிக நடைமுறைகளை வரைவதற்கான பிபிஎம்என் என்னும் குறிமுறை இதற்கு ஒரு நல்ல விலக்கு. 2011-இல் வெளியான அதன் இரண்டாம் பதிப்பு, குறியீடுகளோடு அவற்றைச் சேமிக்கும் எக்ஸ்எம்எல் வடிவத்தையும், ஒவ்வொரு வடிவமும் தாளில் நிற்கும் இடத்தையும்கூட வரையறுத்துவிட்டது. 2013-இல் அது ஐஎஸ்ஓ தரமாகவும் ஏற்கப்பட்டது. ஆகவே, கொள்முதல், விடுப்பு ஒப்புதல், கடன் பரிசீலனை போன்ற நடைமுறைகளை மட்டுமே வரையும் பிரிவுக்கு இந்தச் சிக்கலிலிருந்து எளிய விடுதலை உண்டு: மூன்று இயங்குதளங்களிலும் இயங்கும் கமுண்டா மாடலர் போன்ற கருவி ஒன்றைக் கொண்டு பிபிஎம்என் கோப்பாகவே வரைந்துகொள்ளலாம். பிற படங்களுக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை.

கோப்பு வடிவம் பற்றிய எந்தப் பேச்சும் விசியோவில் வந்து நிற்பது தவிர்க்க இயலாதது. பேஜ்மேக்கரை உருவாக்கிய ஆல்டஸ் நிறுவனத்திலிருந்து வெளியேறிய சிலர் 1990-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய நிறுவனம், 1992-இல் விசியோவின் முதற்பதிப்பை விண்டோஸுக்காக வெளியிட்டது. 2000-இல் அந்நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. வரையத் தெரியாத அலுவலரும் ஆயத்த வடிவங்களை இழுத்துப் போட்டுப் படம் அமைக்கலாம் என்பதே அதன் கவர்ச்சி. அந்த ஆயத்த வடிவங்களின் தொகுப்புக்கு ஸ்டென்சில் என்று பெயர். சிஸ்கோ போன்ற வலையமைப்புக் கருவி நிறுவனங்கள் தம் கருவிகளின் உருவங்களை விசியோ ஸ்டென்சில்களாகவே வெளியிட்டு வந்ததால், வலையமைப்புப் பொறியாளர்கள் பலருக்கு விசியோவை விட்டு நகர மனம் வருவதில்லை. அந்தத் தயக்கத்தை வெறும் பழக்கம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

விசியோ கோப்பைப் பிற மென்பொருள்கள் முழுமையாகப் புரிந்துகொள்ளத் தடுமாறுவதற்குக் காரணம் மைக்ரோசாஃப்டின் மறைப்பு மட்டுமன்று. விசியோவின் ஒவ்வொரு வடிவத்துக்கும் பின்னால் ஷேப்ஷீட் எனப்படும் ஒரு கணக்குத்தாள் இருக்கிறது. வடிவத்தின் அகலம், உயரம், தாளில் அதன் இடம், சுழற்சிக் கோணம், உள்ளே இருக்கும் எழுத்தின் ஓரவெளி ஆகிய ஒவ்வொன்றும் அந்தத் தாளின் ஒரு கட்டத்தில் எண்ணாகவோ சூத்திரமாகவோ எழுதப்பட்டிருக்கும். எழுத்து நீண்டால் கட்டமும் நீள வேண்டும் என்பதும், இந்தக் கோட்டின் முனை அந்த வடிவத்தின் இன்ன இடத்தைப் பற்றியிருக்க வேண்டும் என்பதும் அங்கே சூத்திரங்களாகவே இருக்கின்றன. எனவே விசியோ கோப்பு என்பது படமாக விரியும் ஒரு சிறு நிரல் தொகுதி. அதைச் சரியாகத் திறக்க வேண்டுமானால் அந்தச் சூத்திரங்களைக் கணக்கிடும் இயந்திரத்தையே மறுபடி கட்ட வேண்டியிருக்கும். பெரும்பாலான மாற்றுக் கருவிகள் கணக்கின் விடையை மட்டும் எடுத்துக்கொண்டு சூத்திரத்தை விட்டுவிடுகின்றன. படம் தெரிகிறது, நடத்தை தொலைகிறது என்று மேலே சொன்ன நிலை இதனால்தான் நேர்கிறது.

பழைய விசியோ கோப்பின் வடிவமான விஎஸ்டி, இருமக் குறியீடாக எழுதப்பட்ட மூடிய வடிவம். அதன் உள்ளமைப்பைத் திறமூல ஆர்வலர்கள் கோப்புகளை ஒப்பிட்டு ஒப்பிட்டே கண்டறிந்து, லிப்விசியோ என்னும் நிரலகத்தை எழுதினர். அதன் துணையால் 2012 பிப்ரவரியில் வெளியான லிப்ரே ஆஃபிஸ் 3.5 பதிப்பு, லினக்ஸிலும் மேக்கிலும் விசியோ கோப்புகளைத் திறக்கத் தொடங்கியது. விசியோ 2013 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் விஎஸ்டிஎக்ஸ் என்ற புதிய வடிவத்துக்கு மாறியது. அது எக்ஸ்எம்எல் கோப்புகளை ஜிப் பொதியாகக் கட்டியது, ஆதலால் உள்ளே இருப்பதை வாசிப்பது முன்னைவிட எளிதாயிற்று. எனினும் வாசிப்பது ஒரு வழிப் பாதைதான். லிப்ரே ஆஃபிஸ் டிரா விசியோ கோப்பைத் திறக்கும். விசியோ கோப்பாகத் திரும்ப எழுதாது. விண்டோஸ் பயனர் அனுப்பிய படத்தில் லினக்ஸ் பயனர் ஒரு திருத்தம் செய்து திருப்பி அனுப்ப வேண்டும் என்ற மிகச் சாதாரணமான தேவையே இங்கு முட்டி நிற்கிறது.

விசியோவின் மேசைப் பதிப்பு இன்றுவரை விண்டோஸில் மட்டுமே இயங்குகிறது. மேக்குக்கான பதிப்பு ஒருபோதும் வெளிவந்ததில்லை. உலாவியில் இயங்கும் விசியோ உண்டு, அதை மேக்கிலும் லினக்ஸிலும் பயன்படுத்தலாம். ஆனால் மேசைப் பதிப்பின் எல்லா வசதிகளும் அதில் இல்லை என்பதால், சிக்கலான படங்களுக்கு அது பாதிக் கிணறுதான். மெய்நிகர் கணினி அமைத்து, அதாவது மேக்குக்குள் அல்லது லினக்ஸுக்குள் மென்பொருளால் ஒரு விண்டோஸ் கணினியை உருவாக்கி, அதில் விசியோவை ஓட்டலாம் என்ற யோசனை தொழில்நுட்பத்தில் சரி, நடைமுறையில் பொருந்துவது அரிது: விண்டோஸுக்கும் விசியோவுக்கும் தனித்தனி உரிமம் வேண்டும், மாதம் ஒரு முறை ஒரு கட்டத்தின் பெயரை மாற்றுவதற்காக ஒரு முழு இயங்குதளத்தைப் பராமரிக்கவும் வேண்டும். மறுபுறம், மேக் பயனர்கள் பெரிதும் விரும்பும் ஆம்னிகிராஃபிளுக்கும் இதே குறை தலைகீழாக உண்டு. அதன் படங்கள் நேர்த்தியானவை, அதன் உயர்பதிப்பு விசியோ கோப்பைப் படிக்கவும் எழுதவும் செய்கிறது. ஆனால் அது ஆப்பிள் கருவிகளில் மட்டுமே இயங்குகிறது. கலப்பு அலுவலகத்தின் பொதுக்கருவியாக இவ்விரண்டில் எதையும் பரிந்துரைக்க இயலாது.

மூன்று இயங்குதளங்களிலும் ஒரே விதமாக இயங்கும் கருவிகள் நான்கைந்து உள்ளன. டயா என்னும் திறமூல நிரல் 1998 முதல் லினக்ஸ் உலகில் விசியோவின் மாற்றாகப் பேசப்பட்டது. 2014-க்குப் பின் நெடுங்காலம் புதிய நிலையான பதிப்பு வெளிவராமல் தேங்கியதால், புதிதாகத் தொடங்கும் அலுவலகம் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. லிப்ரே ஆஃபிஸ் டிரா, ஐஎஸ்ஓ தரமாக 2006-இல் ஏற்கப்பட்ட திறந்த ஆவண வடிவத்தில் சேமிக்கிறது. இணைகோடும் அதில் உண்டு. ஆனால் அது அடிப்படையில் பொதுவான வரைகருவியே ஆதலால், பெரிய வலையமைப்புப் படத்தில் கோடுகளைச் சீராக வழிநடத்துவது பொறுமையைச் சோதிக்கும் வேலையாகிவிடும். ஜெர்மனியின் டூபிங்கன் நகரிலுள்ள ஒய்வொர்க்ஸ் நிறுவனத்தின் ஒய்எட், தனிக்கவனத்துக்கு உரியது. ஜாவாவில் இயங்கும் அது இலவசம், ஆனால் திறமூலமன்று. நூற்றுக்கணக்கான கட்டங்களைத் தாறுமாறாகக் கொட்டிவிட்டு ஒரு கட்டளை கொடுத்தால், கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவது குறையும்படி அதுவே அடுக்கித் தருகிறது. அது பயன்படுத்தும் கிராஃப்எம்எல் கோப்பில் உறவே முதன்மைச் செய்தி, இருப்பும் தோற்றமும் அதன்மேல் ஒட்டப்பட்டவை; எனவே ஒய்எட் ஒருநாள் இல்லாமற்போனாலும் எது எதோடு இணைந்தது என்பது கோப்பிலிருந்து மீட்கப்படக்கூடியது.

இன்றைய நிலையில் கலப்பு அலுவலகத்துக்குப் பொதுக்கருவியாக ஒன்றை மட்டும் சொல்ல வேண்டுமானால், அது டிரா.ஐஓ-தான். இங்கிலாந்தின் நார்தாம்டனைச் சேர்ந்த ஜேகிராஃப் நிறுவனம் உருவாக்கிய இது, உலாவியிலும் இயங்குகிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் நிறுவிக்கொள்ளும் மேசைச் செயலியாகவும் கிடைக்கிறது, 2020-இலிருந்து டயகிராம்ஸ்.நெட் என்ற பெயரும் இதற்கு உண்டு. மேசைச் செயலியின் உள்ளேயும் அதே உலாவி இயந்திரமே இருப்பதால் மூன்று இயங்குதளங்களிலும் படம் ஒரே விதமாக நடந்துகொள்கிறது. இதன் கோப்பு எக்ஸ்எம்எல். ஒவ்வொரு இணைகோட்டுக்கும் அது எந்தக் கட்டத்தில் தொடங்கி எந்தக் கட்டத்தில் முடிகிறது என்பது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். கோப்பைச் சுருக்காமல் சேமிக்கும் தெரிவை வைத்துக்கொண்டால், மென்பொருளே இல்லாமல் ஓர் உரைத்தொகுப்பியில் திறந்துகூட உறவுகளைப் படித்தறியலாம். விசியோவின் விஎஸ்டிஎக்ஸ் கோப்பை இது இறக்குமதி செய்யும், மேலே சொன்ன இழப்புகளோடு.

இந்தக் கருவியின் ஒரு வசதி அலுவலகங்களில் போதிய அளவு அறியப்படவில்லை. படத்தைப் பிஎன்ஜி அல்லது எஸ்விஜி வடிவில் ஏற்றுமதி செய்யும்போது, மூலக் கோப்பின் பிரதியையும் அதற்குள்ளேயே பொதிந்துவைக்கலாம். கையேட்டில் ஒட்டுவதற்கு அது சாதாரணப் படம். திரும்பத் திறந்தால் திருத்தக்கூடிய விளக்கப்படம். படம் ஓரிடத்தில், மூலம் ஓரிடத்தில் என்று பிரிந்து, இறுதியில் மூலம் காணாமற்போகும் வழக்கமான விபத்து இதனால் குறைகிறது. ஆனால் அத்தகைய பிஎன்ஜி கோப்பை வாட்ஸப்பில் படமாக அனுப்பினால், அந்தச் செயலி அதை மறுசுருக்கம் செய்து உள்ளே பொதிந்த மூலத்தை உதிர்த்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால்தான் அது முழுதாகப் போய்ச் சேரும்.

தமிழில் பெயரிட்ட படங்களுக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. மென்பொருள் ஒப்பீடுகளில் இவை பேசப்படுவதில்லை என்பதால் இங்குச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. முதலாவது எழுத்துரு. விண்டோஸில் லதாவும், எட்டாம் பதிப்பிலிருந்து நிர்மலாவும் உள்ளன. மேக்கில் மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி, தமிழ்ச் சங்கம் எம்என் போன்றவை உள்ளன. லினக்ஸில் லோஹித், நோட்டோ ஆகியவை வழக்கம். ஒரு கணினியில் இல்லாத எழுத்துருவுக்குப் பதிலாக அங்கே இருக்கும் வேறொன்று தானாக வந்து அமரும். எழுத்துக்கு எழுத்து அகலம் வேறுபடுவதால், விண்டோஸில் கட்டத்துக்குள் அடங்கியிருந்த பெயர் மேக்கில் மடங்கி இரண்டாம் வரிக்கு இறங்கும், அல்லது கட்டத்துக்கு வெளியே நீளும். 'ஒப்புதலளிக்கப்பட்டது' போன்ற சொல்லைச் சாய்சதுரத்துக்குள் அடக்க முயன்றவர்கள் இதன் தொல்லையை அறிவர். திறந்த உரிமத்தில் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவை எல்லாக் கணினிகளிலும் நிறுவி, அலுவலகப் படங்களுக்கு அது ஒன்றே என்று விதித்துவிடுவதும், கட்டங்களை ஆங்கிலப் பெயருக்குத் தேவையானதைவிடப் பெரிதாகவே வைப்பதும் போதுமான தீர்வு.

பழைய படங்களில் பாமினி போன்ற எழுத்துருக்களால் தட்டச்சிட்ட பெயர்கள் இருந்தால் சிக்கல் வேறு வகைப்படும். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைப் பொருத்தியவை. கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு இல்லாத கணினியில் படம் முழுவதும் பொருளற்ற ஆங்கிலக் கோவையாகத் தெரியும். அத்தகைய பெயர்களை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே கோப்பை வேறு மென்பொருளுக்கு நகர்த்த வேண்டும்.

கோப்பின் பெயரைத் தமிழில் வைப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 'கொள்முதல்' என்ற சொல்லிலுள்ள ஒகர உயிர்க்குறியை யூனிகோடு ஒரே குறியாகவும் எழுதும், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதும். திரையில் இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது, விண்டோஸும் லினக்ஸும் தட்டச்சிட்டபடியே வைத்துக்கொள்கின்றன. விளைவாக, பழைய மேக்கிலிருந்து வந்த கோப்பும் லினக்ஸ் சர்வரில் உருவான கோப்பும் ஒரே கோப்புறையில், கண்ணுக்கு ஒரே பெயரோடு, இரண்டு கோப்புகளாக நிற்கக்கூடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை லினக்ஸ் கருதுவதும், மற்ற இரண்டும் இயல்பாகக் கருதாததும் ஆங்கிலப் பெயர்களில் இதே குழப்பத்தை உண்டாக்குகின்றன. படத்துக்குள் தமிழ், கோப்புப் பெயரில் சிறிய ஆங்கில எழுத்தும் எண்ணும் என்று வைத்துக்கொள்வது சற்று மனத்தாங்கலான தீர்வுதான். ஆனால் அது வேலை செய்கிறது.

டிரா.ஐஓ-வில் ஏற்றுமதி செய்த எஸ்விஜி கோப்பை இங்க்ஸ்கேப் போன்ற பிற வரைகருவிகளில் திறக்கும்போது, எழுத்துகள் மறைந்து, உரையைக் காட்ட இயலவில்லை என்ற அறிவிப்பு மட்டும் தோன்றுவதும் உண்டு. எஸ்விஜி என்பது உலகளாவிய வலைச் சேர்த்தியமான டபிள்யூ3சி 2001-இல் தரப்படுத்திய வரைகலை வடிவம், டிரா.ஐஓ தன் கட்டங்களிலுள்ள உரையை அந்த வடிவத்தின் சொந்த உறுப்பாக எழுதாமல், வலைப்பக்கத் துண்டாக உள்ளே செருகிவிடுவதே காரணம். அந்தக் கட்டங்களுக்கு உரை வடிவூட்டத்தையும் சொல் மடக்கத்தையும் நீக்கிவிட்டு ஏற்றுமதி செய்தால் எழுத்துகள் திரும்பிவிடும்.

படத்தை வரையாமலே எழுதும் மரபு ஒன்றும் உண்டு. ஏடி அண்டு டி ஆய்வகத்தில் 1990களின் தொடக்கத்தில் உருவான கிராஃப்விஸ், 'கோரிக்கை' என்ற பெயருக்கும் 'ஒப்புதல்' என்ற பெயருக்கும் இடையே ஓர் அம்புக்குறியைத் தட்டச்சிட்டுவிட்டால், கட்டங்களையும் கோடுகளையும் தானே அமைத்துத் தருகிறது. ஜப்பானின் சுகியாமா குழுவினர் 1981-இல் வெளியிட்ட அடுக்கு முறையை ஒட்டியது அதன் கணக்கு. 2009-இல் வந்த பிளாண்ட்யூஎம்எல், 2014-இல் வந்த மெர்மெய்டு ஆகியவை இதே வழியில் வந்தவை. மெர்மெய்டு உரையை கிட்ஹப் தளம் 2022 முதல் படமாகவே காட்டுகிறது. இயங்குதள வேறுபாடு இங்கு ஏறத்தாழ மறைந்துவிடுகிறது, ஏனெனில் கோப்பு என்பது வெறும் உரை. அதில் உறவு மட்டுமே இருக்கிறது, இருப்பை இயந்திரம் கணக்கிட்டுக்கொள்கிறது. யார், எப்போது, எந்த அம்புக்குறியை மாற்றினார் என்பதை கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு முறை வரிவரியாகக் காட்டும். நிரலாளர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. மற்றவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பது வீண். ஒரு கட்டத்தைச் சற்று இடப்பக்கம் தள்ள வேண்டும் என்ற எளிய விருப்பத்துக்கு இந்தக் கருவிகள் எளிதில் இணங்குவதில்லை. ஓர் அம்பைச் சேர்த்தால் படம் முழுவதும் உருமாறுவதும் உண்டு. மேலும், கட்டத்தின் அகலத்தைக் கிராஃப்விஸ் அந்தந்தக் கணினியிலுள்ள எழுத்துருவைக் கொண்டே அளப்பதால், ஒரே உரைக்கோப்பு விண்டோஸில் ஒரு விதமாகவும் லினக்ஸில் சற்றே வேறு விதமாகவும் விரியும். அச்சுக்குப் போகும் படங்களை ஒரே கணினியில் உருவாக்குவது நல்லது. வரிமுடிவைக் குறிக்கும் முறை விண்டோஸில் வேறு, மற்ற இரண்டிலும் வேறு என்பதால், அதை கிட் அமைப்பில் முன்கூட்டியே ஒருமைப்படுத்தாவிட்டால் ஒரு சொல்லைத் திருத்தியதும் கோப்பின் எல்லா வரிகளும் மாறியதாகப் பதிவாகிவிடும்.

லூசிட்சார்ட் போன்ற முழுக்க முழுக்க உலாவிவழிச் சேவைகள், எல்லா இயங்குதளங்களையும் ஒரே வீச்சில் சமன் செய்துவிடுகின்றன. பலர் ஒரே நேரத்தில் ஒரே படத்தில் வேலை செய்வதற்கு இவையே மிகச் சிறந்தவை. ஆனால் இங்குக் கோப்பு அலுவலகத்திடம் இல்லை, சேவை நிறுவனத்திடம் இருக்கிறது. சந்தா நின்றால் என்னவாகும், விலகிச் செல்லும் ஊழியரின் கணக்கிலிருந்த படங்கள் யாருக்குப் போகும், மொத்தமாக வெளியே எடுக்கும்போது எந்த வடிவத்தில் வரும் என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை பெற்ற பிறகே பணம் செலுத்துவது முறை. வலையமைப்புப் படம் என்பது ஐபி முகவரிகளையும் தீச்சுவரின் இடங்களையும் சொல்லும் ஆவணம். ஊடுருவ நினைப்பவனுக்கு அதைவிடப் பயனுள்ள தாள் இல்லை. அத்தகைய படங்களை அலுவலகத்தின் சொந்த சர்வரில் நிறுவிய கருவியிலோ மேசைச் செயலியிலோ மட்டுமே வரைவதென்று விதிக்கலாம், டிரா.ஐஓ இரண்டுக்கும் இடம் தருகிறது.

தேர்வை முடிவு செய்ய, நிறுவனங்கள் வெளியிடும் வசதி அட்டவணைகளைவிட அரை நாள் சோதனை ஒன்று மேலானது. அலுவலகத்தில் ஏற்கெனவே உள்ள படங்களில் மிகச் சிக்கலானதை எடுத்துக்கொண்டு, பரிசீலிக்கும் கருவியில் விண்டோஸ் பயனர் ஒருவர் வரைய வேண்டும். லினக்ஸ் பயனர் அதைத் திறந்து, நடுவிலுள்ள ஒரு கட்டத்தை நகர்த்திக் கோடுகள் பின்தொடர்கின்றனவா என்று பார்த்து, ஒரு தமிழ்ப் பெயரை நீட்டி எழுதிச் சேமிக்க வேண்டும். மேக் பயனர் அதைத் திறந்து பிடிஎஃப் ஆக்கி, அந்தப் பிடிஎஃப்பில் அதே தமிழ்ப் பெயரைத் தேடிக் கிடைக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். சில ஏற்றுமதிகளில் தமிழ் எழுத்துகள் உருவமாக மட்டும் நின்று, தேடலுக்குச் சிக்குவதில்லை. இறுதியில் கோப்பு முதலாமவரிடம் திரும்பி வர வேண்டும். சோதனைக்கு எளிய படத்தைத் தேர்ந்தெடுத்தால் எல்லாக் கருவிகளும் தேறிவிடும், சோதித்ததில் பயனிருக்காது.

வாடிக்கையாளரோடு செய்த ஒப்பந்தம் விசியோ கோப்பையே கேட்கிறது என்றால், மேற்கண்ட வாதங்கள் எதுவும் அங்கே செல்லாது. அப்போது அந்தப் படங்களைத் தொடும் சிலருக்கு மட்டும் விசியோ உரிமம் வாங்கி, மற்றவர்களுக்குப் பிடிஎஃப் அல்லது உலாவிப் பதிப்பு என்று வரையறுத்துக்கொள்வதே செலவு குறைந்த வழி. எல்லாருக்கும் ஒரே கருவி என்ற ஒழுங்கின்மீதுள்ள பற்றினால், தேவையற்றவர்களுக்கும் உரிமம் வாங்கும் அலுவலகங்கள் உண்டு. அதேபோல் நிரலாளர்கள் மெர்மெய்டில் எழுதுவதையும், நடைமுறைப் பிரிவினர் பிபிஎம்என் கோப்பில் வரைவதையும், எஞ்சியோர் டிரா.ஐஓ-வைப் பயன்படுத்துவதையும் ஒரு குழப்பமாகக் கருத வேண்டியதில்லை; மூன்று கோப்புகளும் எந்த இயங்குதளத்திலும் திறக்கக்கூடியவை.

எஞ்சுவது பழைய விசியோ கோப்புகளின் குவியல். அவற்றை ஒட்டுமொத்தமாகப் புதிய வடிவத்துக்கு மாற்றும் ஆசையைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். லிப்ரே ஆஃபிஸைத் திரையில் திறக்காமலே கட்டளைவரி மூலம் ஒரு கோப்புறை முழுவதையும் பிடிஎஃப் ஆக மாற்ற முடியும்; விசியோ உள்ள விண்டோஸ் கணினி ஒன்று இருந்தால் அதிலிருந்தே பிடிஎஃப் எடுப்பது இன்னும் துல்லியம். பார்வைக்கு மட்டும் தேவைப்படும் படங்களுக்கு அது போதும், மூலக் கோப்பையும் அருகிலேயே வைத்துவிடலாம். தொடர்ந்து திருத்தப்படும் படங்கள் பெரும்பாலான அலுவலகங்களில் ஒரு சிறு பகுதியே. அவற்றை இறக்குமதி செய்து அறுந்த கோடுகளைத் தேடித் தேடி ஒட்டுவதைவிட, பிடிஎஃப்பை எதிரில் வைத்துக்கொண்டு புதிய கருவியில் முதலிலிருந்து வரைவது விரைவாக முடியும். மூலப்படத்தை வரைந்தவர் அலுவலகத்தில் இருக்கும்போதே அந்த வேலையைத் தொடங்க வேண்டும். ஒரு புள்ளிக்கோடு மாற்று இணைப்பைக் குறிக்கிறதா, இன்னும் போடப்படாத கேபிளைக் குறிக்கிறதா என்பதை எந்தக் கோப்பு வடிவமும் சொல்லாது, அவர்தான் சொல்ல வேண்டும்.